வினைச்சொல்லைத் தேடிச் சென்ற குருவானவர்



தமிழ்ப் பாடத்திலே இலக்கணம் வந்ததும் பிள்ளைகளின் முகம் வாடிப்போவதை நீங்கள் வீடுகளில் கண்டிருப்பீர்கள். எழுவாயின் கீழ்க் கோடிடுக, பயனிலையைச் சுட்டுக, பெயரெச்சத்தைத் தெரிந்து எழுதுக என்று வரும் வினாக்களுக்குக் கொப்பியிலே விடை எழுதிக்கொண்டே, இதெல்லாம் எதற்காக என்று பிள்ளை கேட்கும். பரீட்சைக்கு வரும் என்பதற்குமேல் பெற்றோராகிய நீங்களும் விடை சொல்வது அரிது. பேசத் தெரிந்த மொழிக்கு இலக்கணம் எதற்கு? கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக ஒரு குருவானவரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்கள்முன் வைக்கின்றோம். அவருக்கு எழுவாயும் பயனிலையும் ஆன்மாக்களின் காரியமாக இருந்தன.

முதலில், அவர் வருவதற்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் தென்னிந்தியாவின் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்குள்ள பரதவ மக்களிற் பல்லாயிரம் பேர் ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் செபம் சொல்ல அறியார், சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. போர்த்துக்கேய மொழி சிறிது தெரிந்த உள்ளூரவர்களை அருகில் இருத்தி, மிகுந்த பிரயாசையுடன் செபங்களை மொழிபெயர்ப்பித்து, அவற்றைத் தாமே மனனம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அந்தக் காட்சியை நாம் சுரூபங்களிலும் படங்களிலும் கண்டு வளர்ந்தவர்கள்.

படத்தில் வராத ஒன்று உண்டு. 1544இல் சவேரியார், தம்மோடு உழைத்த மன்சில்யாஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல்லை மாற்றும்படி கேட்டிருக்கிறார். விசுவசிக்கிறேன் என்று இருக்கவேண்டிய இடத்தில் அதுவரை எனக்கு வேணும் என்று சொல்லப்பட்டு வந்தது! பிதாவாகிய சர்வேசுரனை நான் விசுவசிக்கிறேன் என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, அவர் எனக்கு வேணும் என்று கிராமம் கிராமமாக மக்கள் செபித்திருக்கிறார்கள். அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்துநாதர் பாடுபட்டதைச் சொல்லுமிடத்தில் வன்பினாலே என்ற சொல் நுழைந்திருந்தது. வன்பினாலே என்றால் பலவந்தத்தினாலே. அவரோ மனமுவந்து பாடுபட்டவர் ஆதலால் அச்சொல்லை நீக்கும்படி சவேரியார் பணித்தார்.

அந்த மக்களின் செபத்தை ஆண்டவர் ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை. அவரை வேண்டும் என்று கேட்பதும் குறைந்த செபமன்று. ஆனாலும் கற்பிப்பவன் தான் என்ன கற்பிக்கிறான் என்று அறியாமற் கற்பிப்பது பெரும் ஆபத்து அல்லவா? இவ்விரு வசனங்களையும் பிரித்துப் பாருங்கள். எனக்கு வேணும் என்பதில் நான் என்ற எழுவாய் இல்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும் என்பவை போல, ஏதோ ஒன்று எனக்கு வந்து நேர்வதாகச் சொல்லும் அமைப்பு அது. விசுவசிக்கிறேன் என்பதிலோ கடைசியில் நிற்கும் ஏன் என்ற விகுதியிலேயே பேசுகிறவன் நிற்கிறான். நான் என்ற சொல்லை நீங்கள் விட்டுவிட்டாலும் அந்த விகுதி அவனை விடாது. வாய்ப்பாட்டுக்காகப் பிள்ளைகள் உருப்போடும் தன்மை ஒருமை வினைமுற்று விகுதி இதுதான்.

சவேரியார் ஓரிடத்தில் நிலைத்திருக்கும்படி அழைக்கப்பட்டவரல்லர். மலாக்கா, மொலுக்காத் தீவுகள், ஜப்பான் என்று அவரது பாதை நீண்டது. முத்துக்குளித்துறையில் ஓரிடத்தில் அமர்ந்து, இந்த மொழியின் மூட்டுகளையெல்லாம் கழற்றிப் பார்க்க வேறொருவர் வேண்டியிருந்தது. அவரே ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் பாதிரியார் என்று அழைத்தார்கள். நாமும் இங்கு அண்டிரிக் அடிகளார் என்றே அழைப்போம்.

அவர் 1520இல் போர்த்துக்கலின் விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூதர். 1497ஆம் ஆண்டில் போர்த்துக்கல் அரசன் தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கினான். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எவ்வளவு பக்தியுள்ளவர்களாயினும் புதுக்கிறிஸ்தவர் என்ற பெயரால் ஒதுக்கப்பட்டனர். அண்டிரிக் இளமையில் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தார். இரத்தத்தில் யூத கலப்பு உண்டென்று அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்பு கோயிம்பிராப் பல்கலைக்கழகத்திலே திருச்சபைச் சட்டம் படித்தார். 1545இல் யேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

கோவாவில் இறங்கிய அவர் 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். உடல்நலம் குன்றியவர். அந்த வெயிலையும் உப்புக்காற்றையும் அவர் எத்தனை காலம் தாங்குவார் என்று அன்று பார்த்தவர்கள் ஐயுற்றிருந்தால் அதில் வியப்பில்லை. அவர் அக்கரையில் ஐம்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தார்.

வந்த புதிதில் மற்றவர்களைப் போலவே அவரும் துவிபாஷியை நம்பியே இருந்தார். பிரசங்கம் செய்தால் துவிபாஷி. நோயாளியைப் பார்க்கப் போனால் துவிபாஷி. பாவசங்கீர்த்தனம் கேட்கவும் துவிபாஷி. இந்தக் கடைசிக் காரியத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். குருவானவரின் காதில் மட்டும் சொல்லவேண்டியதை, அடுத்த தெருவில் இருக்கும், சந்தையில் நாளைக்கே சந்திக்கப்போகும் ஒருவனின் வாய்வழியாகச் சொல்ல வேண்டும். இரகசியம் காப்பது அவனுக்கும் கடமைதான். ஆயினும் ஒரு பெண்பிள்ளை எப்படி மனம் திறப்பாள்?

அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்பதென்று தீர்மானித்தார். கற்ற விதத்திலேதான் அவர் பிறரினின்றும் வேறுபடுகிறார். காதில் விழுந்த சொற்களைப் பொறுக்கிச் சேர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. 1548 ஒக்டோபர் 31ஆம் திகதி வேம்பாரிலிருந்து, உரோமையிலே இருந்த சபைத் தலைவர் புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தாம் செய்ததை விவரிக்கிறார். இலத்தீன் படிக்கும் மாணவன் வினைச்சொற்களை வாய்ப்பாடாக அடுக்கிப் படிப்பதுபோலத் தமிழ் வினைகளையும் இறந்தகாலம், எதிர்காலம், எச்சம் என்று அடுக்கிப் பார்த்திருக்கிறார். பெயர்ச்சொற்களை வேற்றுமை வேற்றுமையாகப் பிரித்து எழுதியிருக்கிறார். வசனத்தில் எது முன்னே வரும், எது பின்னே வரும், வினை எங்கே நிற்கும் என்பதையும் குறித்துக்கொண்டிருக்கிறார். இதற்குப் பட்ட பாடு பெரிது என்பதையும் மறைக்கவில்லை. சில மாதங்களில் அவர் பேசத் தொடங்கியதைக் கண்டு மக்கள் அதிசயித்தனர். உச்சரிப்பு முழுவதும் வாய்க்கவில்லை. ஆகையால் தொடக்கத்தில் கோவிலில் அவர் தமிழிலே சொல்லச் சொல்ல, கேட்போருக்கு ஐயமின்றி விளங்கும்படி வேறொருவர் அதையே மீண்டும் சொன்னார். தம் தமிழை இன்னொருவர் தமிழாக்கம் செய்வதைச் சகித்துக்கொள்ளத் தாழ்மை வேண்டும், வாசகர்களே!

அவருக்கு முன்னால் இருந்த மலை எப்படிப்பட்டது என்பதைத் தமிழிலேயே பிறந்து வளர்ந்த நாம் உணர்வது கடினம். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

இலத்தீன் இலக்கணம் சொற்களை எட்டு வகையாகப் பிரிக்கும். நம் இலக்கணமோ பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்தும். இலத்தீனில் வேற்றுமை ஆறு, தமிழில் எட்டு. இலத்தீனில் கடைசி வேற்றுமையாக வருவது ஒன்று, வாளால், அன்பனோடு, ஊரின் நீங்கி, வீட்டின்கண் என்று நாம் வேறுவேறாகச் சொல்லும் இத்தனை பொருளையும் தானே தாங்கும். தமிழுக்கு வந்தவன் அந்த ஒற்றைப் பையைக் கொட்டி, எது எந்த உருபுக்குரியது என்று பிரிக்க வேண்டும். ஐரோப்பிய மொழிகளில் இடத்தையும் திசையையும் காட்டும் சிறுசொல் பெயருக்கு முன்னே வரும். நமக்கோ உருபு பெயரின் வாலிலே ஒட்டிக்கொள்ளும். கோவிலுக்கு, கோவிலில், கோவிலினின்று.

வசன அமைப்போ இன்னும் கடினம். நள்ளிரவில் ஒருவன் குருவானவரின் கதவைத் தட்டி, நேற்று மணப்பாட்டிலிருந்து வந்த வள்ளத்திலே காய்ச்சலோடு கிடந்த கிழவனுடைய இளைய மகன் என்று தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். போர்த்துக்கேயன் தன் மொழியில் மகன் என்று முதலிற் சொல்லி, வினையையும் உடனே சொல்லி, அவன் யாருடைய மகன், எந்தக் கிழவன், எந்த வள்ளம் என்பதைப் பின்னால் ஒவ்வொன்றாகத் தொடுப்பான். தமிழனோ வள்ளத்தையும் காய்ச்சலையும் கிழவனையும் முதலிற் சொல்லி, மகனைப் பிறகு சொல்லி, பிழைத்தானா பிழைக்கவில்லையா என்பதைக் கடைசிச் சொல்லில் வைத்திருப்பான். அவஸ்தைப்பூசுதலுக்குத் தைலம் எடுத்துக்கொண்டு ஓடுவதா, நன்றி செலுத்த முழந்தாளிடுவதா? கடைசி வினைமுற்று வரும்வரை காதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வந்த, கிடந்த என்னும் பெயரெச்சங்களைப் பயனிலை என்று மயங்கினால் முழுச் செய்தியும் பிழைத்துப்போகும்.

கர்த்தர் கற்பித்த செபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலத்தீனில் பிதா என்ற சொல்லே முதற்சொல். எங்கே இருக்கிறவர் என்பது பின்பு வரும். தமிழில் நாம் வானத்திலே தொடங்கி, இருக்கிற என்ற பெயரெச்சத்தைக் கடந்து, பிதாவிடம் கடைசியாக வந்து சேருகிறோம். இதை முறைமாற்றி இலத்தீன் வரிசையிலேயே வைத்தால் தமிழ்க் காதுக்கு அது செபமாகக் கேட்காது.

அதே செபத்தில் வேறொரு நுட்பமும் உண்டு. இலத்தீனில் எங்கள் என்பதற்கும் நம் என்பதற்கும் ஒரே சொல்தான். தமிழ் விடாது, கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறாயா, விலக்கிச் சொல்கிறாயா என்று ஒவ்வொரு முறையும் கேட்கும். ஆண்டவரை நோக்கிப் பேசும்போது நாங்கள் பாவிகள் என்பதே சரி. நாம் பாவிகள் என்றால் ஆண்டவரையும் பாவிகளோடு சேர்த்துவிடுவோம். ஆனால் பிரசங்கத்திலே சனங்களை நோக்கி நாங்கள் பாவிகள் என்று குருவானவர் சொன்னால், குருக்கள் மட்டுமே பாவிகள் என்று கேட்போர் விளங்கிக்கொள்வார்கள்! (எமது, நமது என்பவற்றை இன்று நாம் வேறுபாடின்றிக் கலந்தே எழுதுகின்றோம். இப்பத்திரிகையும் அதற்கு விலக்கல்ல என்பதை ஆசிரியன் ஒப்புக்கொள்கிறான்.)

பாவசங்கீர்த்தனத் தொட்டியிலோ ஒரு மெய்யெழுத்திலேயே காரியம் தங்கியிருக்கும். என் தாயை நினைத்து வருந்தினேன் என்று ஒருவன் சொன்னால் அது மனஸ்தாபம். என் தாயை வருத்தினேன் என்றால் அது பாவம். தன்வினை, பிறவினை என்று பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான். இனிச் செய்யேன் என்பது பிரதிக்கினை. இனிச் செய்வேன் என்பது அதற்கு நேர் மாறு. எதிர்மறை வினையின் உருவத்தை அறியாத குருவானவர், மனந்திரும்பியவனைக் கண்டித்து அனுப்பவும் கூடும். மனந்திரும்பாதவனை ஆசீர்வதித்து அனுப்பவும் கூடும்.

இந்த வேறுபாடுகளையெல்லாம் விளக்கிச் சொல்ல அவருக்கு முன் ஐரோப்பியர் எவரும் நூல் செய்து வைக்கவில்லை. நம் தொல்காப்பியமும் நன்னூலும் நாட்டில் இருந்தனதான். ஆனால் அவை சூத்திரங்களாக, ஆசானின் காலடியில் இருந்து கற்போருக்காகச் செய்யப்பட்டவை. மீனவக் குடிகளிடையே இருந்த அந்நியர் ஒருவருக்கு அந்த வாசல் எளிதில் திறக்கக்கூடியதன்று. அவர் கையிலிருந்த அளவுகோல் இலத்தீன் இலக்கணமும், 1540இல் ஜோவாவோ தெ பாறோஸ் என்னும் அறிஞர் வெளியிட்ட போர்த்துக்கேய மொழி இலக்கணமுமே. அவற்றை வைத்துக்கொண்டு, சவேரியாரின் விருப்பப்படி, தமக்குப் பின் வரும் குருக்களுக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். 1549ஆம் ஆண்டளவில் அது உருவாயிற்று. போர்த்துக்கேயர் அக்காலத்தில் தமிழையும் மலபார் மொழி என்றே அழைத்தார்கள். ஆகையால் மலபார் மொழிக் கலை என்பதே அந்நூலின் பெயர். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்குச் செய்த முதல் இலக்கணம் அதுவே. இலத்தீன் அறியாதவன் முதலிற் பாறோஸின் இலக்கணத்தைப் படித்துவிட்டு இந்நூலுக்கு வருவது நல்லது என்று அதிலே ஆலோசனையும் சொல்லியிருக்கிறார். தன் மொழியின் இலக்கணம் தெரியாதவனுக்குப் பிறமொழி இலக்கணம் ஏறாது என்பதை நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்ட ஆசிரியர் அவர்.

அந்நூல் குறையற்றதா? இல்லை. தமிழை இலத்தீன் சட்டைக்குள் நுழைத்தால் சில இடங்களில் தையல் பிரியத்தான் செய்யும். நம் புலவர்கள் வகுத்த வகுப்புமுறை அதில் இல்லை. தமிழ் மரபில் நின்று தொன்னூல் விளக்கம் செய்ய வீரமாமுனிவர் வரும்வரை இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது. ஆயினும் அண்டிரிக் அடிகளாரின் நூலில் உள்ள செல்வம் வேறு. கடற்கரையில் வலை இழுத்த, முத்துக் குளித்த மக்கள் பேசிய பதினாறாம் நூற்றாண்டுத் தமிழை அவர் கேட்டபடியே எழுதி வைத்தார். செய்யுள் வழக்கையே எழுதிவந்த புலவர்கள் அதைக் குறித்துவைக்கவில்லை. எமது எண்ணத்தில், இலக்கணப் பிழையுள்ள அந்த இலக்கண நூலுக்காகத் தமிழர் நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும்.

சவேரியார் 1549 ஜனவரியில் இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது, தமிழ் பேசவும் எழுதவும் வல்ல இவரைப் பெரிதும் புகழ்ந்திருக்கிறார். அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறையின் தலைவராயிருந்த அந்தோனியோ கிறிமினாலி அடிகளார் வேதாளையிலே கொல்லப்பட்டார். யேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவரே. அவர் விட்ட பொறுப்பு நோயாளியான அண்டிரிக் அடிகளாரின் தோளில் விழுந்தது. அதை ஏற்றபின் அவர் செய்த ஏற்பாடுகளில் ஒன்றை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. சபைத் துறவிகள் தம்முள்ளும் தமிழிலேயே பேச வேண்டும். போர்த்துக்கேய மொழியிற் பேசியவர் தபசு செய்ய வேண்டும். உணவறையில் உப்பைக் கேட்பதற்கும் தமிழில் வேற்றுமை உருபு தேட வேண்டிய நிலை! ஆங்கிலம் பேசாத பிள்ளைக்குத் தண்டம் விதித்த பாடசாலைகள் பிற்காலத்தில் நம் நாட்டிலே இருந்தன. தமிழ் பேசாததற்குத் தண்டம் விதித்த வெள்ளைக்காரத் துறவியை வேறெங்கும் நாம் கேள்விப்படவில்லை.

அவர் வாழ்க்கை புத்தகத்தோடு முடிந்ததன்று. புன்னைக்காயலில் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை அமைத்தார். கணக்கப்பிள்ளைமாரைப் பழக்கினார். படையெடுப்புகளால் கரையோரக் கிராமங்கள் மீண்டும் மீண்டும் கலைந்தபோது மக்களோடு தாமும் அலைந்தார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றி, முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களிற் பலரை அங்கே குடியேற்றினார்கள். 1544இல் சங்கிலி மன்னன் காலத்திலே கிறிஸ்தவர்கள் விசுவாசத்துக்காக உயிர்நீத்த அதே மன்னார்தான். குடியேறிய மக்களோடு அண்டிரிக் அடிகளாரும் கடல் கடந்தார். 1561இல் அவர் மன்னாரிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. மன்னார் வாசகர்களே, உங்கள் மண்ணிலே இந்த இலக்கண ஆசிரியர் நடந்திருக்கிறார். உங்கள் முன்னோர் சிலரின் பாவசங்கீர்த்தனத்தைத் துவிபாஷி இன்றிக் கேட்டுமிருக்கக்கூடும்.

இலக்கணத்தைக் கற்ற கை அடுத்து நூல்களைத் தொட்டது. 1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சாயிற்று. ஆனால் தமிழ் ஒலியை உரோம எழுத்தில் அமைத்திருந்தார்கள். தமிழ் எழுத்துக்கு அச்சு இல்லை. அந்த எழுத்துக்கள் கோவாவிலும் பின்பு கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. அதற்கான செலவுக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே கைகொடுத்தார்கள். 1578 ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்திலே, அண்டிரிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பாகிய தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்திலே இந்திய மண்ணில் அச்சாகி, நம் கைக்கு எட்டியுள்ள முதல் நூல் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம், 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல், 1586இல் புனிதர்களின் சரித்திரங்களைக் கூறும் அடியார் வரலாறு என்று தொடர்ந்தன. கடைசி நூல் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

விசுவசிக்கிறேன் என்னும் சொல்லை ஒரு காலத்தில் தவறவிட்ட அந்தக் கரையின் மக்கள், தம் பணத்தில் வார்த்த எழுத்துக்களாலேயே செபங்களை அச்சிட்டு வாசித்தார்கள். இடையே சென்றது முப்பத்துநான்கு ஆண்டுகள்.

அவருடைய வயோதிபத்திலே ஒரு கசப்பான செய்தியும் உண்டு. திருச்சபைப் பத்திரிகையாகிய நாம் அதை மறைப்பது நேர்மையாகாது. 1593இல் யேசு சபையின் பொதுச் சங்கம், யூத வம்சத்தார் எவரையும் இனிச் சபையிற் சேர்க்கக்கூடாது என்று விதித்தது. இஞ்ஞாசியார் திறந்து வைத்த கதவு அவர் மறைந்து முப்பத்தேழு ஆண்டுகளில் அடைபட்டது. அந்தத் தடை முற்றாக நீங்கியது 1946இலேதான். இளமையில் ஒரு சபை எந்தக் காரணத்துக்காக அவரை விலக்கியதோ, அதே காரணத்தை அவரை ஏற்ற சபையும் எழுபத்துமூன்று வயதில் அவர் உயிரோடிருக்கும்போதே சட்டமாக்கிற்று. தமிழர்கள் அவரை வம்சம் கேட்டதாகத் தெரியவில்லை.

1600ஆம் ஆண்டிலே புன்னைக்காயலில் அவர் காலமானார். தூத்துக்குடியில் பனிமய மாதா கோவிலில் அவரை அடக்கம் செய்தார்கள். பிறந்த நாட்டை அவர் மீண்டும் காணவில்லை.

அவருடைய இலக்கணம் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே போர்த்துக்கலுக்குப் போய்ச் சேர்ந்து, லிஸ்பன் தேசிய நூலகத்திலே தமிழர் எவரும் அறியாமற் கிடந்தது. அதைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம்மவர். ஊர்காவற்றுறையிற் பிறந்த தனிநாயகம் அடிகளார். அவரும் ஒரு வகையில் அண்டிரிக் அடிகளாரின் வழியிலே வந்தவர்தான். ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் தேர்ந்து உரோமையிலே குருவாகித் திரும்பியபின், தமக்குத் தமிழ் போதாது என்று வெட்கி, வடக்கன்குளத்திலே ஒரு பண்டிதரிடம் மாணவனாக அமர்ந்து இலக்கண இலக்கியம் கற்றவர். பின்பு ஐரோப்பிய நூலகங்களைத் தேடித் திரிந்து, அங்கே கண்ட பழைய தமிழ்ச் சுவடிகளையும் நூல்களையும் பற்றி 1954இல் தமது 'தமிழ்க் கல்ச்சர்' இதழிலே எழுதினார். அதன்பின் 1982இல் ஜெர்மனியில் அவ்விலக்கணம் பதிப்பிக்கப்பட்டது. 2013இல் ஜீன் ஹைன் அம்மையாரும் வி. எஸ். ராஜம் அம்மையாரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் நூல்வரிசையில் வெளிவந்தது. தம்பிரான் வணக்கத்தின் மிஞ்சிய ஒரே பிரதியும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்திலேதான் இருக்கிறது. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய ஒரு சிறு புத்தகம்.